சான்றிதழைக் கட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்ன கேம்

சாவகச்சேரியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் எட்டாம் வகுப்பு. நன்றாகப் படம் கீறுவான். ஆனால் போனை எடுத்தால் துவக்குச் சூடுதான். வசனமே இல்லாமல் படத்தாலேயே கதை சொல்கிற புதிர் கேம்கள் இருக்கிறதாகக் கேள்விப்பட்டேன். அவை உண்மையாகவே கதை சொல்லுமா, இல்லாவிட்டால் வடிவான படத்துக்கு மேல் நாலு புதிரை ஒட்டி வைத்திருக்கிறார்களா? எங்கள் வீட்டில் ஆங்கிலம் மட்டுமட்டு. எதில் தொடங்கலாம்?"

அக்கா, உங்கள் சந்தேகம் சரியான சந்தேகம். இந்த வகையில் வருகிறவற்றில் கனக்க கேம்கள் நீங்கள் சொன்ன மாதிரித்தான்: படம் ஒரு பக்கம், புதிர் ஒரு பக்கம், நடுவில் பசை. ஆனால் நாலைந்து கேம்கள் அப்படியில்லை. அவற்றைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன். மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடுவேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கேம் செய்கிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்துகொண்டு கலியாண வீடு, சாமத்திய வீட்டு அல்பங்கள் வடிவமைக்கிறேன். படம் எடுப்பது வேறு ஆட்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் வர வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. இந்த வேலையில் ஒரு வித்தை உண்டு. மணப்பெண் தலை குனிந்து வளையலைச் சரிசெய்கிற படம் ஒன்று. தாய் படலையடியில் நின்று ரோட்டைப் பார்க்கிற படம் இன்னொன்று. முதலாவது காலை ஏழு மணிக்கு எடுத்தது. இரண்டாவது, ஐஸ்கிறீம்காரன் வரவில்லையே என்று தாய் பார்த்துக்கொண்டு நின்றபோது எடுத்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிரிவுத் துயரம் வந்துவிடும். அல்பம் பார்க்கிற பெரியம்மாமார் கண் கலங்குவார்கள். எந்தப் படத்திலும் இல்லாத ஒன்று இரண்டு படங்களுக்கும் இடையில் உண்டாகிறது. இந்தக் கேம்களில் நல்லவை எல்லாம் அந்த இடைவெளியை உங்கள் கையில் தந்துவிடுகின்றன.

சின்ன வயதில் அம்மம்மா நொடி போடுவா. "மரத்துக்கு மேல பழம், பழத்துக்கு மேல மரம், என்ன?" என்பா. நடக்க முடியாத ஒரு காட்சியை மனதுக்குள் கீறிக் காட்டுகிறா. நாங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். அன்னாசி என்று பிடிபட்டதும் அதே காட்சி சாதாரணமாகிவிடும். அதற்குப் பிறகு சந்தையில் அன்னாசியைப் பார்த்தால், தலையில் ஒரு மரத்தோடுதான் தெரியும். தொல்காப்பியம் இதைப் பிசி என்று சொல்லி இலக்கிய வகைகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அவிழ்த்த பிறகு பொருளே வேறாகத் தெரிய வேண்டும். ஒரு புதிர் கேம் நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கிற உரைகல்லும் இதுதான்: இந்தப் புதிரை அவிழ்த்ததால் கதையில் இருக்கிற ஆளைப் பற்றி எனக்குப் புதிதாக ஏதாவது விளங்கியதா? விளங்காவிட்டால் அது கதவில் தொங்குகிற பூட்டு. திறந்தால் அடுத்த அறை, அவ்வளவுதான்.

இந்த உரைகல்லில் முதலில் நிற்பது கொரோகோவா. ஜேசன் ரொபர்ட்ஸ் என்கிற ஒரே ஆள் வரைந்து, நிரல் எழுதி, பல வருடம் கிடந்து செய்தது. ஒரு மாதிரிப் பதிப்பு 2012இல் வெளிவந்தது. முழுக் கேம் வர 2017 டிசம்பர் ஆனது. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகக் கேம் என்ற விருதும் வாங்கியது. கதை தொடங்கிய பிறகு முடியும் வரைக்கும் படிக்க ஒரு சொல் கிடையாது.

திரையில் இரண்டுக்கு இரண்டாக நாலு கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒரு பையன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறான். கட்டடங்களுக்கு இடையில், பல நிறத்தில், பறவை நாகம் மாதிரி பிரமாண்டமான ஏதோ ஒன்று அசைந்து போகிறது. அதற்குக் காணிக்கையாக ஐந்து நிறத்தில் ஐந்து பழங்களைக் கிண்ணத்தில் சேர்க்க வேண்டும். கதை என்று வாயால் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் தட்டினால் உள்ளே போகலாம், வெளியே வரலாம். இழுத்து இன்னொரு கட்டத்தின் மேல் போடலாம். ஜன்னல் இருக்கிற படத்தை இழுத்தால் ஜன்னல் சட்டம் மட்டும் கழன்று வரும்; ஜன்னலுக்கு அப்பால் தெரிந்த காட்சி பின்னால் தனிப் படமாக நிற்கும். கழற்றிய சட்டத்தை வேறொரு காட்சியின் மேல் வைத்தால், பையன் அந்த வாசலால் இறங்கி வேறொரு இடத்துக்கு, சில வேளை வேறொரு காலத்துக்கு நடந்து போய்விடுவான்.

முதல் பழம் கிடைக்கிற விதத்தைச் சொல்கிறேன். மற்றவற்றை மகனே கண்டுபிடிக்கட்டும். ஒரு படத்தில் கொப்பில் அப்பிள். இன்னொன்றில் ஒரு காகம். இன்னொன்றில் கிண்ணத்தோடு பையன். மூன்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சரியாக அடுக்கினால் ஒரு படத்துக் காகம் மற்றப் படத்துக் கொப்பில் வந்து குந்தும், அப்பிள் கழன்று கீழ்க் கட்டத்தில் இருக்கிற கிண்ணத்துக்குள் விழும். முதல் தடவை அது நடந்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இத்தனை வருடம் அல்பத்தில் நான் பொய்யாகச் செய்துகொண்டிருந்த வேலையை இந்த மனிதர் மெய்யாகவே செய்து காட்டிவிட்டார் என்று பட்டது.

இது வெறும் கண்கட்டு வித்தையாக நின்றிருந்தால் இவ்வளவு சொல்ல மாட்டேன். போகப் போக அதே ஆள் இளைஞனாக, காயம்பட்டவனாக, புத்தகங்களுக்கு நடுவில் தேடுகிறவனாக, வயது போனவனாக வெவ்வேறு கட்டங்களில் வருகிறான். அவன் பார்த்த நகரம் ஒரு கட்டத்தில் வடிவாக இருக்கும். இன்னொரு கட்டத்தில் அதே நகரம் இடிந்து கிடக்கும். எது முதல், எது பிறகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் இளமைக் கட்டத்தை எடுத்து முதுமைக் கட்டத்தின் மேல் வைக்கிறோம். அங்கே ஒரு வாசல் பொருந்துகிறது. ஒரு மனிதன் தன்னுடைய வாழ்க்கையைத் திரும்ப நினைத்து, இதற்காகத்தான் அது நடந்ததோ என்று பொருத்திப் பார்க்கிறானே, அந்த வேலையை எங்கள் விரல் செய்கிறது. புதிரை எடுத்துவிட்டால் இந்தக் கதை நிற்காது. கதையை எடுத்துவிட்டால் புதிரும் நிற்காது.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதை விளையாடுகிற ஆளுக்கு இன்னொன்றும் நடக்கும். கூரையில்லாத வீடு, சுவரில் ஓட்டை, உள்ளே மரம் முளைத்த அறை எல்லாம் எங்களுக்கு ஓவியருடைய கற்பனை இல்லை. போர் நடந்த வலிகாமம் வடக்குப் பக்கம் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். அந்த நகரம் எந்த நாடு என்று கேமில் இல்லை. நான் தேடவும் இல்லை.

அடுத்தது அன்பேக்கிங். இதைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் இருக்கிற விட்ச் பீம் என்கிற சின்ன நிறுவனம் 2021இல் வெளியிட்டது. 2022 பாஃப்டாவில் கதைசொல்லலுக்கான விருது இதற்குத்தான். ஒரு வரி உரையாடல்கூட இல்லாத கேமுக்குக் கதை விருது! ஒவ்வொரு வீட்டின் முடிவிலும் ஒரு வரிக் குறிப்பு வரும், அவ்வளவுதான் எழுத்து.

செய்ய வேண்டியது இது: வீடு மாறி வந்திருக்கிற ஒரு பெண்ணின் பெட்டிகளைத் திறந்து, உள்ளே இருக்கிற பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில் வைப்பது. 1997இல் ஒரு சிறுமியின் அறையில் தொடங்கும். 2018 வரைக்கும் எட்டு இடப்பெயர்வு. சப்பாத்து எங்கே, கோப்பை எங்கே, பல்துலக்கும் பிரஷ் எங்கே. சில பொருட்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் கூடவே வரும், சில காணாமல் போகும். கீறுகிற சாமான்கள் வீட்டுக்கு வீடு கூடிக்கொண்டு வருவதைப் பார்த்தால் அவளுக்கு என்ன தொழில் என்று நீங்களே ஊகிப்பீர்கள். உங்கள் மகன் கட்டாயம் ஊகிப்பான்.

2010ஆம் ஆண்டு வீடு ஒரு பொடியனுடைய வீடு. இவள் அவனோடு இருக்க வருகிறாள். போய்ப் பார்த்தால் அலுமாரி நிறைய அவன் உடுப்பு, சுவர் நிறைய அவன் படங்கள். இவளுடைய சாமானுக்கு இடம் உண்டாக்க அவனுடையதை அங்கும் இங்கும் ஒதுக்க வேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் இருந்து சட்டம் போட்ட இவளுடைய பட்டச் சான்றிதழ் வரும். சுவரில் இடம் கிடையாது. மேசையில் வைத்தால் கடைசியில் சிவப்புக் கோடு காட்டும், இது இடமில்லை என்று. குசினியில் வைத்தாலும் அப்படித்தான். கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் கேம் ஒத்துக்கொள்கிறது.

இதை என் சின்னம்மாவுக்கு மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன். அறுபதைத் தாண்டியவ. அதற்கு முதல் வாழ்க்கையில் ஒரு கேமும் தொட்டதில்லை. மவுஸ் பிடிக்கப் பழக ஒரு பின்னேரம் போனது. முதல் வீட்டிலேயே "எங்க சாமியறை?" என்று கேட்டா. இல்லை என்றதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் புத்தகத் தட்டின் மேல்தட்டை வெறுமையாக விட்டா. பிறகு ஒரு மாதிரி வேகம் பிடித்து 2010க்கு வந்து சேர்ந்தா. சான்றிதழை எடுத்தா. சுவர் சுவராகக் கொண்டு திரிந்தா. நான் விடையைச் சொல்லவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும். கடைசியில் கட்டிலுக்கு அடியில் போனதும் மவுஸை விட்டுவிட்டு, "இவன் இவளுக்கு ஒரு ஆணி அடிக்க இடம் குடுக்கேல்லையே" என்றா.

1995 ஐப்பசியில் போரால் வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்டதே, அப்போது சின்னம்மா தூக்கிக்கொண்டு போனது இரண்டே இரண்டு சொப்பிங் பை. ஒன்றில் உடுப்பு, மற்றதில் சான்றிதழ்கள். மழைக்குள்ளே, நாவற்குழிப் பாலத்தில் ஆளோடு ஆள் நெருக்குப்பட்டு, உங்கள் ஊர்ப் பக்கம்தான் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மாதக்கணக்காகப் படுத்தவவுக்கு, ஒரு சான்றிதழ் கட்டிலுக்கு அடியில் போவது என்ன என்று நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு விமர்சகர் பத்துப் பக்கம் எழுதினாலும் அந்த ஆணிக்கு நிகராக வராது.

அடுத்த வீடு 2012. அவள் பெற்றோர் வீட்டுக்கே, பழைய அறைக்கே திரும்பிவிட்டாள். அந்தப் பொடியனோடு எடுத்த படம் ஒன்று பெட்டிக்குள் இருந்து வரும். அதைக் கண்படுகிற இடத்தில் வைக்கக் கேம் விடாது. ஏன் பிரிந்தார்கள் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முந்தின வீட்டிலேயே எங்கள் கை அதைத் தெரிந்துகொண்டுவிட்டது.

ஒரு சின்னக் குறிப்பு: எந்தப் பொருளையும் எங்கேயும் வைக்கலாம் என்று மாற்றிக்கொள்கிற வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. வயதானவர்களுக்குச் சலித்துப்போனால் அதைப் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் போட்டால் சான்றிதழ் கதை செத்துவிடும்.

இதே கூட்டத்தில் இன்னொன்று ஃப்ளோரன்ஸ். 2018 காதலர் தினத்தன்று வந்தது. மெல்பேர்னில் கென் வோங் என்பவர் தொடங்கிய மவுன்டன்ஸ் என்கிற சின்னக் குழு செய்தது. அரை மணி, நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஃப்ளோரன்ஸ் என்கிற 25 வயதுப் பெண், கிரிஷ் என்கிற செல்லோ வாசிக்கிற இந்திய வம்சாவளிப் பொடியன், காதல், சேர்ந்து இருத்தல், விலகல். கதையில் புதுமை ஒன்றும் இல்லை. புதுமை அவர்கள் கதைக்கிற விதத்தில். அவள் வாய் திறக்க வேண்டுமென்றால் பேச்சுக் குமிழைத் துண்டு துண்டாகப் பொருத்த வேண்டும். முதல் சந்திப்பில் துண்டுகள் கனக்க இருக்கும், தடுமாறுவோம். பழகப் பழகத் துண்டுகள் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒரே துண்டாகிவிடும். மனதுக்குப் பிடித்த ஆளோடு கதைப்பது எப்படி இலகுவாகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. பிறகு சண்டை வருகிறபோது துண்டுகளின் விளிம்பு கூராகிவிடும். யார் முந்திப் பொருத்துகிறார் என்று போட்டி. பொருத்திக்கொண்டு போகிறபோது உங்களுக்கே கோபம் வரும்; அப்போதுதான், நான் இங்கே யாரை வெல்லப் பார்க்கிறேன் என்று உறைக்கும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் காதல் கதை வேண்டாம் என்று நினைத்தால் இதை நீங்கள் மட்டும் விளையாடுங்கள். தவறாக ஒன்றும் இல்லை. ஆனால் அவன் "இதென்ன, ஈசியா இருக்கு" என்று தள்ளிவிடுவான் என்பது என் ஊகம்.

அவனுக்கு முதலில் கொடுக்க வேண்டியது மெஷினேரியம். செக் நாட்டைச் சேர்ந்த அமானிட்டா டிசைன் 2009இல் வெளியிட்டது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய யாகுப் த்வோர்ஸ்கி பிராக் நகரத்துக் கலைக் கல்லூரியில் மாணவனாக இருந்தபோதே, 2003இல், சமோரோஸ்ட் என்கிற சின்னக் கேமைச் செய்து இணையத்தில் விட்டவர். மெஷினேரியத்தின் பின்புலம் முழுக்கக் கையால் கீறியது. துருப்பிடித்த தகரம், வளைந்த குழாய், ஒழுகுகிற எண்ணெய். யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளை ஒரு கலைஞன் ஒரு வருடம் உட்கார்ந்து கீறினால் வருமே, அந்த மாதிரி.

நாயகன் யோசெப் என்கிற சின்ன ரோபோ. ரோபோ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது செக் மொழிதான். நாடகாசிரியர் கரேல் சாப்பெக்குக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப் சாப்பெக். அந்தப் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் யோசெப்பை உடைந்த துண்டுகளாகக் குப்பையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். முதல் புதிரே அவனுடைய உடம்பை அவனே பொருத்திக்கொள்வது. வேறு அறிமுகம் எதற்கு? யார் இவன், என்ன நடந்தது, எப்படிப்பட்டவன் எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

யாரும் கதைப்பதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தலைக்கு மேல் ஒரு குமிழ் வரும். அதற்குள் கோட்டுச் சித்திரம் ஓடும். தொப்பி போட்ட ரௌடிகள் முன்பு இவனை எப்படி வதைத்தார்கள், இவனுடைய தோழி யார் என்பதெல்லாம் அந்தக் குமிழ்களில்தான். படம் கீறுகிற பிள்ளை இந்தக் குமிழ்களைக் கட்டாயம் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐந்தாறு கோட்டில் ஒரு அவமானத்தைக் கீறியிருக்கிறார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் சில இடங்களில் புதிர் வெறும் பூட்டாகிவிடுகிறது. சதுரத்தைத் தள்ளு, விளக்கைப் பொருத்து என்கிற பழைய பத்திரிகைப் புதிர்கள். கதை அங்கே வெளியே நின்று காத்துக்கொண்டிருக்கும். விடை பிடிபடாவிட்டால் கேமுக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. அதிலும் விடை படக்கதையாகத்தான் கீறியிருக்கும். அதைத் திறக்க ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னச் சுடுகிற விளையாட்டு விளையாடி வெல்ல வேண்டும். உங்கள் மகனுக்கு அது தண்டனையாக இருக்காது, பயப்பட வேண்டாம்.

இனி நான் எல்லாரோடும் சண்டை பிடிக்கிற கேமுக்கு வருகிறேன்: மொன்யுமென்ட் வேலி. லண்டனில் இருக்கிற அஸ்டூ நிறுவனம் 2014இல் விட்டது. ஃப்ளோரன்ஸ் செய்த கென் வோங்தான் அதற்கும் வடிவமைப்பாளர். எஷர் என்கிற டச்சு ஓவியருடைய நடக்க முடியாத படிக்கட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஏறிக்கொண்டே போய்த் தொடங்கிய இடத்துக்கே வருவது. அந்த உலகத்தில் ஐடா என்கிற இளவரசியை நடத்திக்கொண்டு போக வேண்டும். தூரத்தில் இருக்கிற பொருள் சிறிதாகத் தெரியாத ஒரு முறையில் காட்சியைக் கீறியிருக்கிறார்கள். அதனால் முன்னால் இருக்கிற பாலமும் பின்னால் இருக்கிற கோபுரமும் திரையில் ஒரே புள்ளியில் சந்திக்க முடியும். கண்ணுக்குப் பொருந்தினால் காலுக்கும் பொருந்தும் என்பது அங்கே சட்டம்.

இது எங்களுக்கு முற்றிலும் புதிது என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் தாராசுரம் கோவிலில் ரிஷப குஞ்சரம் என்று ஒரு சிற்பம் இருக்கிறது. ஒரே தலை, இரண்டு உடம்பு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் எருது, மற்றப் பக்கத்தை மறைத்தால் யானை. சோழர் காலத்துச் சிற்பி விளையாடின விளையாட்டும் இதுதான்.

சரி, சண்டை எதற்கு? படம் அற்புதம். சுவரில் மாட்டலாம். ஆனால் என் உரைகல்லில் உரசினால் முதல் பாகம் மங்குகிறது. ஐடா எதற்கோ மன்னிப்புத் தேடி வந்திருக்கிறாள் என்று நடுநடுவே இரண்டு வரி வருகிறது. கோபுரத்தைத் திருப்புவதற்கும் அந்த மன்னிப்புக்கும் என்ன தொடர்பு? எனக்கு அகப்படவில்லை. 2017இல் வந்த இரண்டாம் பாகம் எனக்குக் கூடப் பிடிக்கும், கனபேர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும். அதில் தாயும் பிள்ளையும். முதலில் பிள்ளை தாயின் பின்னாலேயே வரும். ஒரு கட்டத்துக்குப் பிறகு இருவரையும் தனித்தனியாக நடத்த வேண்டும். ஒருவர் பாதையை மற்றவர் திறக்க வேண்டும். அங்கே புதிரும் கதையும் ஒரே மூச்சு விடுகின்றன. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய்மார் கனபேர் இருக்கிற ஊர் இது. அவர்களில் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

ஓல்ட் மான்ஸ் ஜேர்னி, வியன்னாவில் செய்தது, 2017. ஒரு கிழவர் கடிதம் கிடைத்துப் பயணம் போகிறார். மலைகளை மேலும் கீழும் இழுத்து அவருக்குப் பாதை போட வேண்டும். அவர் இருந்து இளைப்பாறுகிற இடங்களில் பழைய நினைவு ஒரு ஓவியமாக வரும். ஓவியங்கள் நெஞ்சைத் தொடும். மலை இழுப்பது வெறும் பொழுதுபோக்கு. பூட்டு என்றால் என்ன என்று காட்ட நான் எடுத்துக்கொள்கிற உதாரணம் இதுதான். கிரிஸ் என்பது பார்சிலோனாவில் இருந்து 2018இல் வந்தது. துயரத்தில் நிறமிழந்த உலகத்துக்கு ஒவ்வொரு நிறமாகத் திரும்பி வரும். நீர்வர்ண ஓவியத்துக்குள் நடக்கிற மாதிரி. புதிர் என்று பெரிதாக இல்லை, பாய்வதும் ஓடுவதும்தான். லிம்போவையும் இன்சைடையும் யாராவது பரிந்துரைப்பார்கள். டென்மார்க்கில் பிளேடெட் செய்தவை, 2010, 2016. இரண்டும் தரமானவை, நிழலுருவத்தாலும் வெளிச்சத்தாலும் சொல்கிற கதைகள். ஆனால் சின்னப் பையன் ஒருவன் கோரமாகச் செத்துச் செத்துத்தான் முன்னேற வேண்டும். இரண்டு மூன்று வருடம் பொறுங்கள்.

கொஞ்சம் ஆங்கிலம் வந்தால் ஸ்டோரிடெல்லர் நல்லது. அர்ஜென்டினாக்காரர் டானியல் பென்மெர்கி செய்தது, 2023. ஒரு வரித் தலைப்பும் வெறும் கட்டங்களும் தருவார்கள். ஆட்களையும் இடங்களையும் நாங்கள் கட்டங்களில் போட வேண்டும். முதல் கட்டத்தில் இருவருக்குக் கலியாணம், அடுத்ததில் ஒருவர் பெயரில் கல்லறை என்று போட்டால் மற்றவர் தானாகவே அழத் தொடங்குவார். என் தொழிலை ஒரு விளையாட்டாகச் சுருக்கினால் இதுதான்.

இன்னொன்று சாண்ட்ஸ் ஆஃப் சென்னார். பிரான்சில் இருந்து 2023இல் வந்தது. ஒரு கோபுரம், தட்டுக்குத் தட்டு வேறு சனம், வேறு மொழி, வேறு எழுத்து. ஒரு எழுத்தும் தெரியாமல், ஆட்கள் செய்கிறதைப் பார்த்து எந்தக் குறி எதைச் சொல்கிறது என்று ஊகிக்க வேண்டும். கொழும்பு பஸ்ஸின் நெற்றியில் மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர் எழுதியிருக்குமே. தமிழில் தெரிந்த ஊரை வைத்துச் சிங்கள எழுத்தைப் பிடிக்கப் பார்த்த சின்ன வயது எனக்கு உண்டு. அதே சந்தோஷம். ஆனால் குறிகளின் பொருளைக் காட்ட ஆங்கிலம் வரும், மகன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெண்பா என்கிற கேமைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். டொரொன்டோவில் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலையில் வந்தது. 1980களில் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன், அங்கே பிறந்து வளர்கிற மகன் கவின். வெண்பாவுடைய அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கறைபட்டு, கிழிந்து, பாதி வரி அழிந்துபோயிருக்கிறது. அழிந்த வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுதான் புதிர். இட்லி, புட்டு எல்லாம் உண்டு. புட்டு குழலில்தான் அவிகிறது, பனையோலை நீத்துப்பெட்டி இல்லை என்று சின்னம்மா முகம் சுளித்தா. வசனம் அதிகம் என்பதால் நீங்கள் கேட்ட வகைக்குள் சரியாக அடங்காது. ஆனாலும் புதிரும் கதையும் பிரிக்க முடியாமல் இருப்பதற்கு இது நல்ல சாட்சி: பாதி அழிந்த குறிப்பைப் படிக்கப் பாடுபடுவதும், மகனுக்கு மொழி பாதி அழிந்து போவதும் ஒரே துக்கம்.

இனி காசு விஷயம். இவை பெரும்பாலும் ஒருமுறை விலை கொடுத்து வாங்குகிற வகை. வாங்கின பிறகு நடுவில் விளம்பரம் வந்து குதிக்காது, வைரம் வாங்கு, துவக்குக்குப் பெயின்ட் வாங்கு என்று பிள்ளையை நச்சரிக்காது. இலவசமான கேமுக்கு மாதாமாதம் ரீலோட் போட்டுக் களைத்த தாய்மாருக்கு இது கடைசியில் மலிவுதான். கொரோகோவா, மெஷினேரியம், ஃப்ளோரன்ஸ், மொன்யுமென்ட் வேலி, அன்பேக்கிங் ஐந்தும் போனிலேயே கிடைக்கும். கணினியில் வாங்குவதென்றால் கழிவு விலை வருகிற நாட்களுக்குக் காத்திருங்கள், வருடத்தில் சில தடவை வரும். ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டா தேவையில்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன காலத்தில் நான் கொரோகோவாவை இரண்டாம் தடவை முடித்தது அப்படித்தான், போன் வெளிச்சத்தில் நுளம்பு கலைத்துக்கொண்டு. இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிகிற கேம் அது, பற்றரி தாங்கியது.

மகனுக்கு மெஷினேரியத்தில் தொடங்குங்கள், அப்புறம் கொரோகோவா. நடுவில் இடறுப்பட்டால் யூடியூப்பில் விடை பார்ப்பான். ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் கொரோகோவாவில் மட்டும் அதைத் தடுத்துப் பாருங்கள். விடையைப் பார்த்து அடுக்கினால் அப்பிள் விழும். ஆனால் விழுந்தது அவனுடைய அப்பிளாக இருக்காது. முடித்த பிறகு "கதை என்ன?" என்று கேட்டால் முழிப்பான், நானும் முழித்தேன். ஒரு தாளை நாலாக மடித்துக் கொடுத்து, எந்த நாலு கட்டம் ஞாபகம் இருக்கோ அதைக் கீறச் சொல்லுங்கள்.

உங்களுக்கு அன்பேக்கிங். என்னுடைய மடிக்கணினியில் இருக்கிறதைக் காட்டலாம் என்றால் அது இன்னும் சின்னம்மா வீட்டில்தான் இருக்கிறது. போன கிழமை கேட்டேன். 2018 வீட்டுக்கு வந்துவிட்டாவாம், அறை அறையாகத் திறக்கிறாவாம், அவசரப்படுத்த வேண்டாமாம்.